மாமா கேட்ட புற்றுக்காளான்

பிள்ளைகளே, எறும்புகள் இலையை நறுக்கிக் கொண்டுபோய்க் காளான் பயிர் செய்யும் என்று நேற்று சின்னவள் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். அந்த எறும்பு நம் பக்கம் கிடையாது. நம் மலையில் அந்த விவசாயத்தைச் செய்வது கறையான். நீங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கண்ணில் நின்றது ஓர் ஈரக் கோணி. அதைப் பற்றி உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

என் அக்காவின் புருஷன் எனக்கும் மாமா, உங்களுக்கும் மாமா. நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் நெல்லிவாசல் பக்கம் அவரும் நானும் சேர்ந்து சாமை விதைத்தோம். காட்டோரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று. புரட்டாசியில் இடி இடித்து மழை பெய்தால் அதைச் சுற்றிக் காளான் கிளம்பும். முதலில் பார்த்தவர் ஓர் ஆவாரங்கொத்தைப் புற்றில் செருகிவிட்டால் அது அவருடையது. மற்றவர் கை வைக்கமாட்டார்கள். அங்கே வருஷா வருஷம் மாமாவின் கொத்துதான் நிற்கும். செருகிவிட்டு வந்து, "இன்னாடா, இன்னும் தூங்கறியா? காளான் உன்னை விசாரிச்சிது" என்பார்.

ஒரு பங்குனியில் அவருக்கு வயிறு வீங்கியது. கட்டிலோடு தூக்கி மலையிறக்கினோம். கீழே டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கட்டி முத்திடுச்சி. வூட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. கேக்கறதைக் குடுங்க" என்றார். கேட்டதைக் கொடுப்பதாவது நம் கையில் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு மலையேறினேன்.

கஞ்சி இறங்காமல் கிடந்தவர் ஒருநாள், "புத்துக்காளான் கொழம்பு இருந்தா ரெண்டு வாய் துன்னுவேன்டா" என்றார். அப்போது சித்திரை வெயில். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். மழைக்கு நான் எங்கே போவேன்?

கடப்பாரையோடு போய்ப் புற்றை உடைத்தேன். உள்ளே ஈரமும் வெதுவெதுப்புமாக, தேனடை போலப் பழுப்பு உருண்டைகள். அவற்றின்மேல் கடுகைவிடச் சிறிய வெள்ளைப் புள்ளிகள். காளானின் விதை இதுதான், தண்ணீர் காட்டினால் முளைக்கும் என்று நம்பினேன். ஒட்டியிருந்த கறையான்களை ஒன்றுவிடாமல் தட்டி ஊதிவிட்டு, கூடையில் எடுத்து வந்து, மாமாவின் கட்டிலுக்கடியில் வைத்து நனைத்த கோணியைப் போர்த்தினேன்.

மாமா தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கறையான் வூட்டை இடிச்சிட்டா வந்த? உன் வூட்டுக் கூரையை அதுங்க சும்மா வுடாதுடா." பிறகு மெதுவாக, "எத்தினி நாளு ஆவும்?" என்றார்.

"நாலு நாள்தான் மாமா."

எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னேனோ தெரியவில்லை.

இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்தேன். மூன்றாம் நாள் வெள்ளைப் புள்ளிகளைக் காணோம்; பச்சைப் பூசணம் படர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். மறுநாள் கறுப்பாக, மயிர் போல ஏதோ எழுந்து நின்றது. அதையும் பிடுங்கினேன். காலையில் மறுபடி அதே கறுப்பு. உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.

மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "கறையானுங்க ராப்பகலா களை எடுத்துக்குனு இருந்திருக்குதுங்க. உன் கைக்கு அது வராது, வுட்டுடு" என்றார். கூடவே, "நான் கேக்காமயே இருந்திருக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. வைகாசி முடிவதற்குள் போய்விட்டார்.

புரட்டாசியில் இடியோடு மழை வந்தது. அக்காவிடம் சொல்லாமல், அந்தக் கோணியையே தலையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனேன். நான் உடைத்த வாயைக் கறையான்கள் புது மண்ணால் அடைத்திருந்தன. சுற்றிலும் காளான், கால் வைக்க இடமில்லாமல். ஒன்றைக்கூடப் பறிக்கவில்லை. ஓர் ஆவாரங்கொத்தை ஒடித்து, மாமா செருகும் இடத்தில் செருகிவிட்டு, வெறுங்கையோடு திரும்பினேன்.