எண்ணூர் உப்பங்கழியில் ஒரு நங்கூரக் கல்

1953, தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்த கையோடு ராயபுரம் ஸ்டேஷனில் அந்தோணி மாமாவும் நானும் வண்டி ஏறினோம். எண்ணூருக்கு மூன்றாம் வகுப்பு டிக்கெட் ஆளுக்கு மூன்றணா. மாமா கையில் சோற்றுத் தூக்கு. என் தோள்பையில் இரண்டு தேங்காய்க் கனத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கல். கல்லூரியிலிருந்து அரியலூர் போனபோது நானே பெயர்த்து வந்தது.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் என் படிப்புச் செலவு அவருடையது. எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் ஆள் நான். துறைமுக ஆபீசில் எனக்கொரு குமாஸ்தா வேலை பேசி வைத்திருந்தார். திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். நானோ இன்னும் இரண்டு வருஷம் பூகர்ப்ப சாஸ்திரம் படிக்கிறேன் என்றேன். இந்தக் கல் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த சிப்பி என்று சொல்லிவைத்தேன்.

"சிப்பி கல்லாவறத என் கண்ணுல காட்டு, படி. இல்லாங்காட்டி ஆபீசுக்குப் போ" என்று தீர்த்துவிட்டார்.

எண்ணூர்க் கழியில் சேற்றைத் தோண்டிச் சிப்பி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் சுடுகிறார்கள். அங்கே காட்டிவிடலாம் என்று நம்பித்தான் புறப்பட்டேன்.

திருவொற்றியூர் தாண்டியதும் எதிரே இருந்த வண்ணாரப்பேட்டை வியாபாரி, பையில் என்ன இவ்வளவு கனம் என்று கேட்டார். "மருமவன் படிக்கிற புஸ்தகம் பாய். அட்டை கொஞ்சம் கெட்டி" என்றார் மாமா. பெட்டியே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

எண்ணூரில் இறங்கி நடந்தால் கழி. தேசப்பன் என்ற மீனவர் தம் படகில் அக்கரைக்கு, காட்டுப்பள்ளிப் பக்கம், ஏற்றிப்போனார். தை மாதத்துக் காற்று. கழி முழுக்க வெயில் மினுக்கியது. படகிலிருந்த நங்கூரக் கல் குதிகாலைக் கிழிக்கிறது என்று மாமா வழியெல்லாம் புலம்பினார்.

அக்கரையில் காளவாய்க்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று சிப்பிக் குவியல். நான் ஆரம்பித்தேன். கடல்நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத்தான் சிப்பிப்பூச்சி ஓடு கட்டுகிறது. செத்தால் ஓடு அடியில் படிகிறது. அதன்மேல் இன்னொன்று. லட்சக்கணக்கான வருஷம் இப்படியே படிந்து, மேற்பாரம் அழுத்தி இறுகி, பிறகு கடல் விலகினால் அந்த இடம்தான் அரியலூர்.

மாமா ஒரு கை சிப்பி அள்ளினார். பொலபொலவென்று உதிர்ந்தது. "சிப்பி மேல சிப்பி, சரி. நடுவுல சிமிட்டி யாரு போட்டா?"

தண்ணீர்தான் என்றேன். சிப்பி தோண்டுகிறவர்கள்கூடச் சிரித்தார்கள். குவியல் முழுக்கக் கிளறியும் ஒட்டிய சிப்பி ஒன்றுகூட அகப்படவில்லை. என் முகத்தைப் பார்த்து மாமாவுக்கே மனசு கேட்கவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்.

சோறு படகில் இருந்தது. படகை இழுக்கக் கயிற்றைப் பிடித்தேன். நங்கூரக் கல் தண்ணீரை விட்டு மேலே வந்தது. வெயில் பட்டதும் பார்த்தேன். அத்தனையும் சிப்பி. இதே கழியின் சிப்பி, ஒன்றோடொன்று இறுகி ஒரே கட்டியாக. அவிழ்த்து மணலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அது சிப்பியோட ஒட்டிகினு வரும்" என்றார் தேசப்பன். "மண்ணு ஜாஸ்தி, சுட்டா சுண்ணாம்பு தேறாது. காளவாய்க்காரன் கடாசிட்டான், நான் கட்டிக்கினேன்."

மாமா பேனாக்கத்தியால் ஒரு சிப்பியைப் பெயர்க்கப் பார்த்தார். கத்தி முனைதான் வளைந்தது. சிப்பிகளின் நடுவே கண்ணாடித் தூள்போல ஒரு மினுக்கம். மணல்மேட்டு மழைத்தண்ணீர் மேலே கிடக்கும் சிப்பியைக் கொஞ்சம் கரைத்து, கீழே உள்ளவற்றின் இடுக்கில் அந்தச் சுண்ணாம்பை விட்டுப்போகிறது என்றேன். அரியலூர்க் கல்லைப் பக்கத்தில் வைத்தேன். இதில் பழைய ஓடே கரைந்துபோய், அதன் வடிவத்தில் படிகம் நிரம்பியிருக்கிறது. பூமிக்குள் இன்னும் ஆழத்தில் வெந்து அழுந்தினால் இதுவே சலவைக்கல்.

"அப்போ நம்ம கோயில் பீடம்?"

"அதுவும் கடல்தான் மாமா."

மாமா மெதுவாகச் சிலுவை போட்டுக்கொண்டார். "சிமிட்டிதான்டா கீது" என்றார்.

"நைனா" என்றார் தேசப்பன் நிதானமாக, "கல்லை அவுத்துட்டியே, படகை யாரு புடிப்பா?"

படகு எங்கள் சோற்றோடு நடுக்கழிக்குப் போய்க்கொண்டிருந்தது. மூவரும் இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தடித்து ஓடினோம். மாமா சிரித்த சிரிப்பில் உப்புத் தண்ணீரைக் குடித்தார். பிடித்து வந்து, ஈர வேட்டியோடு மூவரும் சாப்பிட்ட வஞ்சிர மீன் குழம்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

நங்கூரத்தைத் தரமாட்டேன் என்றார் தேசப்பன். அவர் சொல்வதும் நியாயம். அரியலூர்க் கல்லைக் கயிற்றில் கட்டிக் கொடுத்தேன். தூக்கிப் பார்த்து, இது இன்னும் கனம் என்று சந்தோஷப்பட்டார்.

சாயங்கால வண்டியில் மாமா சிப்பிக் கல்லைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் போடும் சிமெண்டைப் பற்றி விளக்கினார். கேட்காதவர்களுக்கும்தான். ராயபுரத்தில் இறங்கும்போதும் கல்லை என்னிடம் தரவில்லை.

"நாளிக்கு ஆபீஸ்ல சொல்லிட்றேன், வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி" என்றார்.

அரியலூர்க் கல் கடலை விட்டு எத்தனை கோடி வருஷமோ. இந்நேரம் தேசப்பன் அதை எண்ணூர்த் தண்ணீரில் இறக்கியிருப்பார்.