கதவைத் திறக்காத சித்தப்பா

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டின் கிரில் கதவுக்கு உள்பக்கம் சித்தப்பா நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் கைலி, கையில் மீன்குழம்புக் கரண்டி. கதவுக்கு வெளியே நின்றவர் எங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியத் தலைவர். காலை ஆராதனைக்குப் போட்டு வந்த வெள்ளைச் சட்டை இன்னும் கசங்கியிருக்கவில்லை. அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், உள்ளறையில் சித்தியின் மடியில் தலைவைத்துக் கிடந்தார். உதடு கிழிந்திருந்தது. நான் அப்போது ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்து, சித்தப்பா வீட்டில் தங்கியிருந்த பெண். ஈரத்துணியை நனைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கூடத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

தலைவர் முதலில் பணிவாகத்தான் ஆரம்பித்தார்.

“பிரதர், இது எங்க குடும்ப விஷயம். கதவைத் திறங்க. புருஷன்தான் மனைவிக்குத் தலைன்னு வேதத்துல இருக்குல்ல.”

“அதே இடத்துலதான் அவளுக்காக உயிரையும் குடுன்னு இருக்கு. நீங்க பாதியில மூடிட்டீங்க,” என்றார் சித்தப்பா. “தங்கச்சி வரமாட்டேங்குது லா. போங்க.”

கம்பிகளுக்கு நடுவே கை பாய்ந்தது. அறை சித்தப்பாவின் கன்னத்தில் விழுந்தது. துறைமுகத்தில் சரக்கு இறக்கி உரமேறிய உடம்பு அவருடையது. அந்தக் கையைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கியிருந்தால் முறிந்திருக்கும். பிடிக்கத்தான் செய்தார். பிடித்து, மெதுவாகக் கம்பிக்கு வெளியே தள்ளிவிட்டார். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நீயெல்லாம் ஓர் ஆம்பளையா என்று தலைவர் கத்தினார். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. சித்தப்பா, தலைவர் படியிறங்கிப் போகும்வரை அங்கேயே நின்றுவிட்டு, அடுப்பை அணைக்கப் போனார்.

மறுநாள் அவர் வேலைக்கு லீவு போட்டார். சித்தியும் அவருமாக அக்காவை மருத்துவமனைக்கும் அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கும் அழைத்துப் போனார்கள்.

அடுத்த வாரம் சபைக் குழு கூடியது. தலைவரைத்தான் விசாரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அழைப்பு வந்தது, சபையில் மூப்பராக இருந்த சித்தப்பாவுக்கு. ஒரு குடும்பத்தைப் பிரித்தார், சபையின் பெயரைப் போலீஸ் வரைக்கும் இழுத்தார், அதனால் எல்லார் முன்னாலும் எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். சித்தியும் நானும் வெளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். திறந்திருந்த ஜன்னல்கள் வழியே சித்தப்பாவின் குரல் கேட்டது.

“மன்னிப்பு கேக்கணும்னா அந்தத் தங்கச்சிக்கிட்ட கேப்போம். நானும் கேக்கணும். இந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வந்துச்சு, நம்ம எல்லாரும் பாத்தோம். ஜெபிக்கிறேன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டோம்.”

உள்ளே யாரோ இருமினார். சித்தப்பாவை மூப்பர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். மனைவி வேலைக்குப் போகிற நாளெல்லாம் வீட்டில் சமைக்கிறவர் சபையை எப்படி நடத்துவார் என்று ஒருவர் கேட்டது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. சித்தி தன் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். தலைவருக்கு அறிவுரை கொடுத்தார்களாம். பதவி அப்படியே இருந்தது.

இத்தனை வருஷம் கழித்தும் இதை எழுதும்போது எனக்கு உடம்பு கொதிக்கிறது. உயிர்த்தெழுந்த பிறகு கடற்கரையில் தீ மூட்டி, இரவெல்லாம் வலைவீசிக் களைத்து வந்தவர்களுக்கு மீன் சுட்டுக் கொடுத்த ஒருவரைத்தான் நாங்கள் ஆண்டவர் என்று கும்பிடுகிறோம். அவரைக் கும்பிடுகிற கூட்டம், மீன்குழம்பு வைத்த ஒரு மனிதரை ஆண் இல்லை என்றது. அடித்தவனை ஆண் என்றது. தன்னை அறைந்தவனைத் திருப்பி அறையாமலும் கதவைத் திறக்காமலும் நிற்பதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். சொன்னால் அவரவர் வீட்டில் என்ன நடக்கிறது என்ற பேச்சு வந்துவிடும்.

வேறு சபைக்குப் போய்விடலாம் என்று சித்தப்பாவிடம் மன்றாடினேன். “இது என்ன அவங்க அப்பன் வீடா? என் அப்பன் வீடு லா,” என்று சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் சித்தியின் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார். சாகும்வரை அதுதான் அவருடைய இடம். அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு ஈப்போவில் தன் தங்கை வீட்டுக்குப் போனார். விவாகரத்து வாங்கி, முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து, மகளைப் படிக்கவைத்தார்.

சித்தப்பா சென்ற ஆண்டு இறந்தார். அடக்க ஆராதனைக்குப் போனபோது, சபை வாசலில் ஆண்கள் முகாமுக்கான பெரிய பதாகை தொங்கியது. வாயைப் பிளந்த சிங்கம், அதன் கீழே சிறப்புப் பேச்சாளராக அந்தத் தலைவரின் முகம். இந்தக் காலத்தில் ஆண்கள் மென்மையாகிப் போனார்களாம், அதைச் சரிசெய்யப் போகிறார்களாம். உள்ளே பாஸ்டர், இறந்தவர் அமைதியானவர், யாருக்கும் தொந்தரவு தராதவர் என்று பேசினார். தொந்தரவு தந்ததற்காகத்தானே ஐயா அவரைத் தள்ளிவைத்தீர்கள் என்று எழுந்து கேட்க வாய்வரை வந்தது. சித்தி என் கையை அழுத்தினார்.

பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தது. வழக்கப்படி ஆண்கள் ஐக்கியத்தார் வந்து சுற்றி நின்றார்கள். முன் கைப்பிடியைத் தலைவர் பிடித்திருந்தார். ஈப்போவிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்திருந்த அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெட்டியருகே போனார். ஆம்பளைங்க இருக்காங்க, நீங்க தள்ளி நில்லுங்க என்று ஒரு மூப்பர் சொன்னார். அதுவரை அழாமல் உட்கார்ந்திருந்த சித்தி எழுந்து தலைவரின் எதிரே போய் நின்றார்.

“பிரதர், கைய எடுங்க. அது அவ எடம்.”

தலைவர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் தரையைப் பார்த்தார். கைப்பிடியிலிருந்து அந்தக் கை விலகியது. அக்கா அதைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்ற இளைஞர் தானாகவே எனக்கு வழிவிட்டார். நாங்கள் தூக்கினோம்.