பஞ்சாமிர்தக் கரண்டியும் மேனேஜர் சாரின் கடிதமும்

பூஜை அறையில் கவிழ்த்து வைத்திருக்கும் பித்தளைக் கரண்டியைப் பார்க்கும்போதெல்லாம் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். உடனே பயம் வந்துவிடும். பிரசாதத்தால் ஒரு காரியம் கெட்டது என்று என் கையாலேயே எழுதுவதா, முருகன் பொறுப்பானா என்று. இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். தெருமுனையில், நகையை வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும் ஒரு நிதிக் கம்பெனியின் கிளை உண்டு. அதன் மேனேஜர் சார் பாலக்காட்டுத் தமிழர், பள்ளுருத்தியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எங்கள் வீட்டு நோய்நொடி எல்லாம் அவருக்குத் தெரியும். நகை வைக்க வருகிறவர்கள் காரணத்தையும் சொல்வார்கள் அல்லவா? சர்க்கரை முற்றி, கிட்னி கெட்டு, டயாலிசிஸ் என்று எத்தனை வீடு! என் அண்ணன் போனதும் அதில்தான். அண்ணியும் பின்னாலேயே போக, அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் வளர்ந்தார்கள்.

அந்தக் கம்பெனி தன் லாபத்தில் ஒரு பங்கை வைத்தியத்துக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கும் கொடுத்து வந்தது. சர்க்கரை சிலருடைய கிட்னியை மட்டும் ஏன் இத்தனை சீக்கிரம் அரிக்கிறது என்று டாக்டர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ரத்தப் பரிசோதனை, நர்ஸ்களுக்குச் சம்பளம் எல்லாம் கம்பெனி செலவு. ஹெட் ஆபீஸில் போய் நின்று எங்கள் தெருவையும் அதில் சேர்க்க வைத்தவர் சார். "கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துண்டு நான் பார்த்தது போறும்" என்றாராம்.

ஆஸ்பத்திரிக்கு வரக் கூச்சப்படுவார்கள் என்று, முதல் ரத்தப் பரிசோதனை முகாமைக் கோயில் மண்டபத்திலேயே வைத்தார். வெறும் வயிற்றோடு வரும்படி வீடு வீடாக வந்து சொன்னார். நாங்களும் ஒரு வாய் சாயாகூடக் குடிக்காமல்தான் போனோம். ஆனால் அன்று கிருத்திகை. விடியற்கால அபிஷேகம் முடிந்ததும், வழக்கம்போல நான்தான் பஞ்சாமிர்தம் கொடுத்தேன். பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய இந்தக் கரண்டியால், உள்ளங்கை நிறைய. சந்நிதியில் நீட்டியதை வேண்டாம் என்று சொல்ல எங்களில் யாருக்கு வாய் வரும்? வாங்கிச் சாப்பிட்டு, கையைத் தலையில் தடவிக்கொண்டு, அப்படியே மண்டபத்துக்கு நடந்தார்கள்.

"சேச்சி, ஒண்ணும் கழிச்சில்லல்லோ?" என்று நர்ஸ் பெண் ஒவ்வொருவரையும் மலையாளத்தில் கேட்டாள். ஒன்றும் சாப்பிடவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னோம். பொய் சொல்கிறோம் என்று ஒருவர் மனசிலும் இல்லை. பிரசாதத்தைச் சாப்பாடு என்று யார் நினைப்பார்கள்? என் வீட்டுக்காரர் மட்டும், சந்நிதியில் கை நீட்டும்போதே, "இன்னிக்கு என்ன, கரண்டி பெருசாயிடுச்சு? ஊசிக்குப் பயப்படுறவனுக்கு லஞ்சமா?" என்று கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. தெருவில் முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தது. தின்றுவிட்டுத் தின்னவில்லை என்று சொல்கிறவர்களை வைத்து ஆராய்ச்சி நடத்த முடியாது, இந்தத் தெருவை விட்டுவிடலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். "எங்க தெருக்காரா பொய் சொல்லமாட்டா சார்!" என்று மேனேஜர் சார் போனில் கத்தியது வாசல் வரை கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. சொன்னால் தெய்வக் குற்றம் ஆகுமோ என்று பயம். சொல்லாவிட்டாலோ, அண்ணனைத் தின்றது அவன் பிள்ளைகளையும் தேடி வரும்போது யாருக்கும் தெரியாமலே போகும்.

நான்காம் நாள் கவுண்டர் முன்னால் போய் நின்றேன். "என்ன வெக்கணும்மா?" என்றார். "நகை ஒண்ணும் இல்ல சார். தப்பு என் கையில" என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சார் சொன்னார்:

"கோயில்ல கூட்டினா பிரசாதம் தருவான்னு எனக்குன்னா தோணியிருக்கணும்? நீங்க ஆத்துக்குப் போய் நிம்மதியா சாப்பிடுங்கோ. இதை யார்கிட்டயும் சொல்லவேண்டாம்."

அன்றே டாக்டர்களுக்கும் ஹெட் ஆபீஸுக்கும் கடிதம் எழுதினார். "இடமும் நாளும் குறித்தது நான், அதனால்தான் ஜனங்கள் காலையில் இனிப்பு சாப்பிட நேர்ந்தது, அவர்கள் மனசறிந்து பொய் சொல்லவில்லை" என்று. கரண்டி பிடித்தவளைப் பற்றி ஒரு வரி இல்லை. எங்கள் தெரு ஆராய்ச்சியில் நிலைத்தது. முகாம் பொறுப்பை அவரிடமிருந்து பிடுங்கி, அவரை இடப்பள்ளி கிளைக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டாவது முகாம் எங்கள் தெருமுனைக் கிளைக்குள்ளேயே, கதவு திறக்கும் நேரத்துக்கு முன்னால் நடந்தது. அண்ணனின் மூத்த மகனுக்குக் கிட்னி கெட ஆரம்பித்திருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆரம்பத்திலேயே வைத்தியம் தொடங்கினதால் இன்று வேலைக்குப் போகிறான், ஒரு பெண் குழந்தைக்கு அப்பா.

போன புரட்டாசியில் மேனேஜர் சார் காலமானார். துக்க வீட்டில் கம்பெனிக்காரர் ஒருவர், "நல்ல மனுஷன். அந்த முகாமைத்தான் கெடுத்துட்டார்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர் சொல்லவேண்டாம் என்றதை இனிமேல் காப்பாற்ற முடியாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இப்போது முகாம் மறுபடியும் கோயில் மண்டபத்தில்தான். இந்தத் தடவையும் பஞ்சாமிர்தம் மூடியிருந்தது, மூடியின் மேல் கரண்டி கவிழ்ந்திருந்தது. கடைசி ஆளுக்கு ரத்தம் எடுத்து முடித்து நர்ஸ் தலையசைத்த பிறகுதான் அதை நிமிர்த்தினேன். அதுவரை முருகனும் காத்திருந்தான், கோபித்ததாகத் தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடியே. என்மேல் இரக்கப்பட்டுக் கரண்டியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் பழி திரும்பவும் அவர்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.