ஒரே பள்ளத்தில் இரண்டு கேபிள்கள்

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் வேலை பார்த்த காலம். நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் பின்கட்டிடத்து ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்தன. அவற்றைக் கேட்டு வாங்கும் சர்வர் முன்கட்டிடத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரே செஷன், அதாவது விடாமல் தொடரும் ஒரே உரையாடல். அதைச் சுமக்க இரண்டு இணைப்புகள், இரண்டு கேபிள்கள். ஒன்று அறுந்தால் அதில் போன வேலையை மற்றது ஏற்றுக்கொள்ளும், செஷன் முறியாது. அப்படி அமைத்தவள் நான்தான். கேபிள்கள் வேறு வேறு வழியில் போவதாகச் சொன்னார்கள். நம்பினேன்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலை ஒரு இணைப்பு போய்விட்டதாகத் திரையில் செய்தி வந்தது. படங்கள் வழக்கம்போலத் திறந்தன. ஒரு டாக்டர்கூட என்னைக் கூப்பிடவில்லை. அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

மேலாளரிடம் சொன்னேன். "அதான் ஓடுதுல்லம்மா. மழை விடட்டும், பாத்துக்கலாம்."

எலக்ட்ரீஷியன் அண்ணனோடு போனேன். கேபிள் பள்ளத்தை மூடியிருந்த சிமெண்ட் பலகையை அவர் கடப்பாரையால் நெம்பினார். இரண்டு கேபிள்களும் அங்கேயே ஒட்டிக் கிடந்தன. ஒன்று துண்டாகியிருந்தது. மற்றதன் உறை பாதி உரிந்திருந்தது. பள்ளத்தின் கோடியில் ஏதோ நகர்ந்தது. ஒன்றல்ல, பல.

"பின்னாடி வயலெல்லாம் முங்கிடுச்சும்மா. வரப்பு எலி பூரா மேடு தேடி வந்துருக்கு."

"ரெண்டையும் ஏண்ணே ஒரே பள்ளத்துல போட்டாங்க?"

அவர் தலை நிமிரவில்லை. "நான்தாம்மா போட்டேன். ரெண்டாவது பள்ளம் வெட்டுறதுக்குள்ள தெறப்பு விழா வந்துருச்சு."

அப்போது தியேட்டரில் ஒரு பெண்ணுக்கு மூளை ஆபரேஷன். அவள் படங்கள் அந்த உரிந்த கேபிள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன.

மழையிலேயே மொட்டைமாடி வழியாகப் புதுக் கேபிள் இழுத்தோம். ஓடிக்கொண்டிருந்த அதே செஷனில் அதையும் ஓர் இணைப்பாகச் சேர்த்தேன். செஷன் அதை ஏற்றுக்கொண்டது. அரைமணி நேரத்தில் பழைய கேபிளும் செத்தது. தியேட்டரில் யாருக்கும் தெரியவில்லை.

மாலையில் டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்று அவள் கணவனிடம் சொன்னார். அதைக் கேட்டதும் அண்ணன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"வலங்கைமான்ல ஒரு ஆஸ்பத்திரிக்கும் இப்படித்தாம்மா ஒரே பள்ளத்துல போட்டுக் குடுத்தேன்" என்றார்.

அந்த ஆஸ்பத்திரியின் நம்பரைத் தேடி அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.