இங்கிலீஷில் ஃபெயிலான அண்ணனும் தங்கையும்

1976 எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் வஜீதாவும் அவள் அண்ணன் ஜியாவுல்லாவும் ஒரே பாடத்தில் கோட்டைவிட்டார்கள். இங்கிலீஷ். ஜியாவுல்லா ஒன்பதாவதில் ஒரு வருஷம் தங்கிவிட்டதால் இருவரும் ஒன்றாக எழுத நேர்ந்தது. திருவண்ணாமலை தேரடித் தெருவில் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருந்த அப்பா மதார் சாகிப் ரிசல்ட் வந்த அன்று மாலையே முடிவு சொல்லிவிட்டார். பையனை டுடோரியலில் சேர்ப்பது. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது.

“ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ்லதான் போச்சு. அவனுக்கு டுடோரியல், எனக்குக் கல்யாணமா?” என்றாள் வஜீதா.

“அவன் ஆம்பளைம்மா. நாளைக்கு நாலு பேருக்குச் சோறு போடணும்.”

“இப்ப இந்த வீட்ல யாரு சோறு போடறாங்களாம்?” என்றபடி அம்மா ரஹமத்துன்னிசா அவர் முன்னால் தட்டை வைத்தாள். “ரெண்டு பேருமே போவட்டும். இவனைத் தனியா அனுப்புனா நேரா மேட்னிக்குப் போயிடுவான்.”

அப்படி, அண்ணனுக்குக் காவலாகத்தான் வஜீதா டுடோரியலுக்குப் போனாள்.

அங்கே இங்கிலீஷ் எடுத்த பரசுராமன், பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர். ஒருநாள் கரும்பலகையில் ‘ஈக்வாலிட்டி’ என்று எழுதினார். சமத்துவம். ஈக்வல் என்றால் சமம். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல். இரண்டு பேருக்கு நடுவே என்றால் ‘பிட்வீன்’ போட வேண்டும். விளக்கி முடித்து, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார்.

‘ஈக்வாலிட்டி ஈஸ் எ குட் பாய்’ என்றான் ஜியாவுல்லா.

வஜீதா எழுந்தாள். ‘மை பிரதர் அண்ட் ஐ ஃபெயில்டு இன் இங்கிலீஷ். திஸ் ஈஸ் ஈக்வாலிட்டி.’

பரசுராமன், “இலக்கணம் சரியா இருக்கு” என்று அதைப் பலகையில் எழுதிப் போட்டார். வகுப்பே பார்த்து எழுதிக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஜியாவுல்லாவும் எழுதினான். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் போட்டுக்கொடுத்தான். மதார் சாகிப் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, “உள்ளதைத்தானே சொல்லியிருக்குது” என்றார்.

அக்டோபரில் மறுபடி எழுதினார்கள். வஜீதா பாஸ். ஜியாவுல்லா ஃபெயில்.

“இப்ப எங்க போச்சு உன் ஈக்வாலிட்டி?” என்று கேட்டுவிட்டு அவன் வெளியே போய்விட்டான். அம்மா கிண்டிய கேசரி அன்று அப்படியே கிடந்தது. ஜியாவுல்லா அப்புறம் புத்தகத்தைத் தொடவே இல்லை. கடையில் உட்கார்ந்தான், அப்பாவைவிட வேகமாக ஸ்டவ் கழற்றினான்.

அடுத்த மாதம் ஆரணியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெண் பிடித்திருந்தது. ஆனால் மாப்பிள்ளை எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில், பெண் பாஸ். “ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தாங்க சரிப்படும்” என்று டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். சமம் என்ற சொல்லை மாப்பிள்ளை வீட்டார் வாயிலிருந்து மதார் சாகிப் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலையில் கடையை மகனிடம் விட்டுவிட்டு, மகளைத் தானே கூட்டிப்போய் டைப்ரைட்டிங்கில் சேர்த்தார்.

1980இல் செங்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வஜீதாவுக்குத் தட்டச்சர் வேலை கிடைத்தது. தினமும் பஸ். அந்த பஸ்ஸில் கண்டக்டராக இருந்த ஜானி பாஷா இரண்டு வருஷம் சில்லறை பாக்கியைத் தவிர அவளோடு எதுவும் பேசியதில்லை. பிறகு தன் அம்மாவை அனுப்பிப் பெண் கேட்டார்.

ஆரணி அனுபவத்துக்குப் பிறகு மதார் சாகிப் ஜானி பாஷாவையே வரச்சொல்லி முன்கூட்டியே கேட்டுவிட்டார். “பொண்ணு உங்களவிட ஜாஸ்தி படிச்சிருக்குதுங்க. பரவாயில்லியா?”

“என் பஸ்ல ஏறுறவங்க பாதிப் பேரு என்னைவிட ஜாஸ்தி படிச்சவங்கதாங்க” என்றார் ஜானி பாஷா. “நான் விசில் அடிச்சாதான் வண்டி கெளம்புது.”

நிக்காஹ்வுக்குத் தேதி குறித்தார்கள்.