நான் எழுதிய மனுவும் அண்ணியின் மாத்திரையும்

எங்கள் குடும்பத்தில் பள்ளியில் உயர்தரப் பரீட்சை வரை படித்தவள் நான்தான். மாத்தளைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குக் கடிதம் எழுதுவதென்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

தேர்தல் நேரம், ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு வேட்பாளரின் ஆள் எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு வந்தார். "செயற்கைக் கருத்தரிப்புக்கு அரசாங்கம் சல்லி குடுக்கக் கூடாதுன்னு மனு எழுதிக் குடுங்க தங்கச்சி. வேதக்காரங்க ஓட்டு நமக்குத்தான்" என்று அவசரப்படுத்தினார். "பிள்ளை உண்டாகச் செய்யும் எல்லா வைத்தியமும் திருச்சபைக்கு விரோதம்" என்று எழுதி, பூசைக்கு வந்தவர்களுக்கு உரக்க வாசித்துக் கையெழுத்து வாங்கினேன். அண்ணியும் கையெழுத்துப் போட்டார்.

அண்ணிக்கு வயது முப்பத்தெட்டு. பிள்ளை இல்லாமல், கருமுட்டை வளர, கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை எடுத்து வந்தார். இரண்டு மாதம் கழித்துத்தான் கிளினிக் பற்றிக் கேட்டேன்.

"அன்னைக்கே மாத்திரைய நிப்பாட்டிட்டேன். படிச்ச புள்ள, நீயே ஆகாதுன்னு எழுதிட்டியே!"

ஃபாதரிடம் ஓடினேன். "உடம்புக்கு வெளிய கரு உண்டாக்குறதத்தான் சபை வேணாங்குது. மாத்திரை எடுக்குறது பாவமில்லம்மா. எழுதுறதுக்கு முந்தி என்னக் கேட்டிருக்கலாமே?" என்றார்.

அண்ணி மறுபடி மாத்திரை எடுக்கிறார். போன மாதங்களை நான் எங்கிருந்து கொடுப்பேன்? மனுவைத் திருத்த வேண்டுமென்று அழைத்தால், வாங்கிப் போனவர் போனையே எடுப்பதில்லை.

இப்போது தெரியாத விஷயமென்றால், "கேட்டுட்டுத்தான் எழுதுவேன்" என்று பேனாவை மூடிவிடுகிறேன். "படிச்ச புள்ளைக்கே தெரியாதா?" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.