எல்லாருக்கும் பத்து நிமிஷம்

சிவப்பு வெல்வெட் சோபாவை வெளியே தூக்கச் சொல்லி அக்கா நின்ற அந்தக் காலைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். வாணியம்பாடியில் கல்யாண மேடை அலங்காரம் செய்பவரிடம் எங்கள் முதலாளி மலிவாக வாங்கிய சோபா அது. இரண்டு பக்கமும் பொன்முலாம் பூசிய சிங்கத் தலைகள். ஆம்பூர் பஜாருக்குப் பின்னால், ஷூ கம்பெனிகளுக்குப் பசையும் நூலும் விற்கும் கடையின் மாடியில் எங்கள் கேபிள் சேனல் நடந்து கொண்டிருந்தது. எந்த ஜன்னலைத் திறந்தாலும் பசை வாசனை. அந்த வாசனைக்கு நடுவே ராஜ தர்பார் போல அந்தச் சோபா. பேட்டிக்கு வருகிற பெரிய மனிதர்கள் அதில் சாய்ந்து உட்காருவார்கள். மற்றவர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி. யாரை எதில் உட்கார வைப்பது என்று யாரும் யோசித்ததே இல்லை. வருகிறவரைப் பார்த்ததும் எங்களுக்கே தெரிந்துவிடும்.

"எலக்சன் முடியற வரைக்கும் இது மாடிப்படி கீழ கிடக்கட்டும். எல்லாரும் ஒரே நாற்காலில உக்காரட்டும்" என்றார் அக்கா.

நான் அங்கே கேமராக்காரன். அக்காதான் செய்திகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் பொறுப்பு. வேலூரில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு எங்கள் சேனலில் செய்தி வாசிக்க வந்தவர், ஆள் இல்லாத காரணத்தால் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, கடைசியில் அவரே சேனல் என்றாகிவிட்டிருந்தார். பஜாரில் பூ விற்பவர் முதல் கவுன்சிலர் வரை அவரை 'நியூஸ் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதிலிருந்து அவரை நகர்த்த முடியாது. அந்த குணம் அவருக்கு நன்மை செய்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்தச் சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் பதின்மூன்று பேர் நின்றார்கள். கட்சிக்காரர்கள், சுயேச்சைகள், தேர்தலுக்குத் தேர்தல் நின்று பழகிப் போனவர்கள் எல்லாரும் சேர்த்து. அத்தனை பேருக்கும் பத்து நிமிஷம் என்றார் அக்கா. ஒரே நாற்காலி, ஒரே வெளிச்சம், ஒரே கேள்விகள். வரிசையை எல்லாக் கட்சி ஆட்களையும் கூப்பிட்டு அவர்கள் முன்னால் சீட்டுக் குலுக்கி எடுத்தார். செய்தியிலும் அதே கணக்குதான். ஒரு கேமராக்காரனுக்குத் தெரிந்த ரகசியம் உண்டு. லாரி மேல் ஏறி நின்று எடுத்தால் நூறு பேர் ஆயிரம் பேராகத் தெரிவார்கள். தரையில் நின்று பக்கவாட்டில் எடுத்தால் ஆயிரம் பேரும் கரைந்து போவார்கள். அதுவரை கட்சிக்காரர்கள் சொன்ன இடத்தில் நின்று, அவர்கள் சொன்னபடி நான் எடுத்துக் கொண்டிருந்தேன். அந்தத் தேர்தலில் மட்டும் எந்தக் கட்சிக் கூட்டமானாலும் தரையில் நின்று ஆள் உயரத்தில்தான் எடுக்க வேண்டும் என்று அக்கா சொல்லிவிட்டார். லாரி மேலிருந்து கை நீட்டி "மேல வா தோஸ்து" என்று கூப்பிட்டவர்களிடம் நான் கீழேயே நின்று சிரித்துச் சமாளித்த நாட்கள் அவை.

பெரிய கட்சியின் வேட்பாளர் ஒரு தோல் வியாபாரி. எங்கள் சேனலில் ஓடிய விளம்பரங்களில் பாதிக்கு மேல் அவருடையவை, அல்லது அவர் சொன்னதால் வந்தவை. பேட்டிக்கு அவர் ஒரு கூட்டத்தோடு வந்தார். நாற்காலியைப் பார்த்ததும் அவருடைய ஆட்கள் கொதித்துப் போனார்கள்.

"இன்னாக்கா இது, அண்ணனுக்கு இந்த நாற்காலியா? சோபா எங்க போச்சு?"

அக்கா பதில் சொல்வதற்குள் அவரே உட்கார்ந்துவிட்டார். "வுடுப்பா. கடையில நான் மணைக்கட்டை மேல உக்காந்து தோல் பாத்தவன்" என்று சிரித்தார். பத்து நிமிஷம் அழகாகப் பேசினார். கேட்ட கேள்விகளில் பாதிக்கு பதில் இல்லை, ஆனால் கேட்பதற்கு இதமாக இருந்தது. நல்ல மனிதர்தான். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சீட்டுக் குலுக்கலில் ஒன்பதாவதாக வந்தது ஒரு சுயேச்சை. ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்தவர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. அவர்கள் தெருவில் தோல் கம்பெனிக் கழிவு கலந்து போர்வெல் தண்ணீர் கலங்கலாக வந்ததால், மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப் போய், தெருக்காரர்கள் சேர்ந்து அவரை நிற்க வைத்திருந்தார்கள். அவருக்குத் திக்குவாய் இருந்தது. சில எழுத்துகளில் நாக்கு நின்றுவிடும். 'த'வில் ஆரம்பிக்கும் சொல் அவருக்கு மிகவும் கஷ்டம். அவர் பேச வந்ததோ தண்ணீரைப் பற்றி.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அக்கா, இவங்களுக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி டைம் குடுக்கலாமே. பத்து நிமிஷத்துல பாதி திக்கறதுலயே போய்டும்" என்றேன்.

அக்கா மற்ற வேட்பாளர்களின் ஆட்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து சம்மதம் கேட்டார். பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். இரண்டாவது பெரிய கட்சியின் வழக்கறிஞர் மட்டும், "நீங்கதானே எல்லாரும் சமம்னீங்க? இப்ப நீங்களே கூட்டிக் குறைச்சா எப்படி?" என்று கேட்டார். அக்கா போனை வைத்துவிட்டு அந்தப் பெண்ணிடமே போய் நடந்ததைச் சொன்னார்.

அவர் தலையை ஆட்டினார். "வேணாங்க்கா. ஜாஸ்தி குடுத்தீங்கன்னா பாவம் பாத்துக் குடுத்தாங்கன்னு சொல்வாங்க. எல்லாருக்கும் எவ்ளோவோ, எனக்கும் அவ்ளோதான்."

அந்தப் பத்து நிமிஷத்தை நான் வ்யூஃபைண்டர் வழியாகப் பார்த்தேன். முதல் சொல்லே வரவில்லை. உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணை மூடிக்கொண்டார். குறுக்கே சொல்லை எடுத்துக் கொடுக்க எனக்கு நாக்கு பரபரத்தது. அக்கா அசையவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தபடி, அடுத்த கேள்விக்கு அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தார். மெல்ல மெல்லச் சொற்கள் வந்தன. "கம்பெனிய மூடுங்கன்னு நான் சொல்லல. எனக்கும் சோறு அங்கதான். த... தண்ணிய சுத்தம் பண்ணி வுடுங்கன்னு சொல்றேன். என் கொழந்தைய இந்தத் தண்ணில குளிப்பாட்டுனா ஒடம்பெல்லாம் தடிச்சுப் போவுது." ஜெயித்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, "எங்க தெரு தண்ணிய ஒரு சொம்புல எடுத்துனு போய் சட்டசபையில வெப்பேன். குடிச்சுப் பாருங்கன்னு சொல்லுவேன்" என்றார். இதைச் சொல்லும்போது அவர் ஓரிடத்திலும் திக்கவில்லை. நேரம் முடிந்தது. மௌனங்களை வெட்டாமல் அப்படியே ஒளிபரப்பினோம். வெட்டினால் அது அவர் பேசியதாக இருக்காது என்றார் அக்கா.

இரண்டே நாளில் அந்தப் பேட்டியின் ஒரு துணுக்கு ஊர் முழுக்கப் பரவியது. யாரோ டிவித் திரையைப் போனில் பிடித்து, அவர் முதல் சொல்லுக்குத் திணறிய இடத்தை மட்டும் வெட்டி, பின்னால் கோழி கொக்கரிக்கும் சத்தத்தைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். டீக்கடையில் சிரித்தார்கள். ஷேர் ஆட்டோவில் சிரித்தார்கள். கம்பெனி வாசலில் ஷிப்ட் விடும் நேரத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தே கோழி மாதிரி கத்தினார்களாம். யார் செய்தது என்று கடைசி வரை தெரியவில்லை. எந்தக் கட்சியும் செய்திருக்க வேண்டியதில்லை, சிரிக்க ஆசைப்பட்ட எவனோ ஒருவன் போதும்.

முழுப் பேட்டியையும் திரும்பப் போட வேண்டும் என்று அக்கா முடிவு செய்தார். ஆனால் ஒருவருடையதை மட்டும் இரண்டு தடவை போட்டால் அது அநியாயமாகிவிடும். அதனால் பதின்மூன்று பேருடையதையும், பிரசாரம் ஓய்வதற்கு முந்தின நாள் மாலை தொடர்ச்சியாகப் போடுவதாக அறிவித்தார். திரையின் அடியில் அந்த அறிவிப்பு நாள் முழுக்க ஓடியது.

மறுஒளிபரப்பு நாளன்று மதியம் முதலாளி மாடியேறி வந்தார். அதே மாலை தோல் வியாபாரியின் பொதுக்கூட்டம். அதை நேரடியாகக் காட்டுவதாக ஒப்புக்கொண்டு வந்திருந்தார்.

"ஊருக்கே சொல்லியாச்சு சார்" என்றார் அக்கா.

"எனக்கு மட்டும் அவர் மேல பக்தியாம்மா? நம்ம கேபிள் போறது கம்பத்து மேல. எவன் எப்ப அறுத்து வுடுவான்னு நான் தூங்காம கிடக்கிறேன். ஏற்கெனவே பாதிப் பேரு டிஷ் மாட்டிக்கிட்டான். எலக்சனுக்கு அப்புறமும் இந்த ஊர்ல நான் தொழில் பண்ணணும். பேஜார் பண்ணாத."

அவர் குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் அதிகம். மாலையில் நேரம் வந்ததும் அக்கா கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து முதல் வேட்பாளரின் பேட்டியை ஓட விட்டார். நான் பக்கத்தில் போய், "அக்கா, நிறுத்திடுவாங்க. அந்தம்மாவோடத முதல்ல போட்டுடுங்க" என்றேன்.

"சீட்டுல அவங்க ஒன்பதாவது."

"இப்பப் போய் சீட்ட பாக்கிறீங்களே!"

"இன்னிக்கு அவங்கள முன்னால போட்டா, நாளைக்கு எவனாவது வந்து இன்னொருத்தர முன்னால போடச் சொல்வான். அப்ப நான் இன்னா பதில் சொல்றது?"

மூன்றாவது வேட்பாளர் பேசிக் கொண்டிருந்தபோது திரை நீலமானது. முதலாளி கீழிருந்து இணைப்பையே துண்டித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பொதுக்கூட்டம் வந்தது. முதலாளி வரவழைத்த வெளியாட்கள் லாரி மேல் நின்று எடுத்தார்கள். கூட்டம் கடல் மாதிரி தெரிந்தது. அந்தப் பெண்ணின் முறை வரவேயில்லை.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனவர், திரும்ப வரவில்லை. தோல் வியாபாரி ஜெயித்தார். கோழிச் சத்தம் இல்லாமல் இருந்திருந்தாலும் அவர்தான் ஜெயித்திருப்பார். அந்தப் பெண்ணுக்கு அவர்கள் தெரு ஓட்டுகளே முழுசாக விழவில்லை என்று பிறகு சொன்னார்கள். அதற்குப் பின் ஒரு கல்யாண வீட்டில் வெற்றி பெற்றவர் அக்காவைப் பார்த்து, "நீ நடந்துக்கிட்டதுதாம்மா சரி" என்றாராம். இதை அக்கா என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் தகவல் மேசையில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. எங்கள் சேனல் கைமாறி, பெயர் மாறி, பிறகு இல்லாமலே போனது. யூடியூப்பில் வைத்திருந்த பேட்டிகளையும் அதோடு நீக்கிவிட்டார்கள். கேமரா கார்டுகளில் எப்போதோ அடுத்தடுத்த கல்யாண வீடியோக்கள் ஏறியிருந்தன.

இப்போது சமமான நேரம் என்று பேசினால் இளைஞர்களுக்குப் புரிவதில்லை. அவரவர் போனில் அவரவர் கட்சி. நானும் இந்தத் தேர்தலில் ஒரு கட்சிக்குக் கூலிக்கு வீடியோ எடுத்தேன். அரை நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் ஒரே விதி. வேட்பாளர் குழந்தையைத் தூக்க வேண்டும், சிரிக்க வேண்டும், பின்னால் பாட்டு வர வேண்டும். லாரி மேல் ஏறத் தேவையில்லை, டிரோன் வந்துவிட்டது.

அப்படி ஒரு தெருவில் எடுத்துக் கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. வாசலில் கேன் தண்ணீரை அடுக்கிக் கொண்டிருந்தவர், என்னை அடையாளம் கண்டுகொண்டார். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அந்த முழுப் பேட்டி உங்ககிட்ட இருக்குதா?"

இல்லை என்றேன். ஏன் என்று கேட்டேன்.

"என் பொண்ணு ஏழாவது படிக்குது. இஸ்கூல்ல யாரோ அந்தக் கோழி வீடியோவ காட்டியிருக்காங்க. இன்னும் சுத்தினு கீது. வீட்டுக்கு வந்து, 'நீ நெஜமாவே எலக்சன்ல நின்னியா, இன்னா பேசுன'ன்னு கேட்டுச்சு. வாயில சொன்னா ந... நம்ப மாட்டேங்குது. முழுசா காட்டலாம்னு பாத்தேன்."

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்தேன். அவரிடமும் இல்லை. ஆஸ்பத்திரியில் யாரையோ கூப்பிடும் சத்தம் மட்டும் போனில் கேட்டுக் கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை அவங்க ரெண்டு பேரையும் கூட்டினு வா. கேமராவும் எடுத்துனு வா" என்றார்.

வேலூரில் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். எந்தச் சேனலிலும் வரப் போகாத பேட்டி அது. நான் கேமராவை வைத்தேன். அக்கா களைத்துப் போயிருந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார். கையில் பேப்பர் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முதல் சொல் வரவில்லை. மகள் நெளிந்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அசையாமல் இருந்தார். நானும் காத்திருந்தேன். மெல்ல மெல்லச் சொற்கள் வந்தன. மகள் தலையை நிமிர்த்தி அம்மாவைப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஜெயித்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று அக்கா கேட்டார்.

அந்தப் பெண் கொஞ்சம் சிரித்தார். "அதேதாங்க்கா. சொம்பு கூட மாத்தல."